பதினொன்று அறுநூற்று நாற்பது

லாரன்ஸ் ரோட்டில் வெயிலுக்கு ஒதுங்கியதாகத்தான்
வீட்டில் சொன்னேன்.
கேரம் போர்டு, பரிசுக் கோப்பை, தொங்கும் டீஷர்ட்டுகள்.
அடித்தட்டில் வரிசையாகக் கெட்டில்பெல்கள்,
சாவித்துவாரம் இல்லாத பூட்டுகள் மாதிரி.

நிஜாமுதீன் ரோஸ் நிறத்தில் ஒன்றை நீட்டினார்.
நாலு கிலோ.
"லேடீஸுக்கு இது போதும் மேடம்."

புதுப்பாளையம் ரேஷன் கடையில்
கார்டுக்கு இருபது கிலோ அரிசி
பதினோரு வருஷமாக அள்ளிப் போடுகிறேன்.
பில் போட ஒரு கை, அள்ள ஒரு கை,
நடுவில் ஒரு முதுகு.
அந்த முதுகுதான் இங்கே அனுப்பியது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

எட்டைத் தூக்கினேன். சீர்வரிசைத் தாம்பாளம்.
பதினாறு இருந்த இடத்திலேயே இருந்தது.
பன்னிரண்டு
கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது.
என்னை யாராவது கூப்பிட்டால்
நானும் அப்படித்தான்.

பிடியைத் தடவினேன்.
வார்ப்புப் பிசிறு இருந்தால் உள்ளங்கை கிழியும்.
இரண்டு கையும் நுழைகிறதா என்று விட்டுப் பார்த்தேன்.
பளபளப்பாய் உறை போட்டதெல்லாம்
உள்ளே சிமெண்ட் என்று அவரே சொன்னார்.
கறுப்பு, ஒரே வார்ப்பு இரும்பு,
ஆயிரத்து எண்ணூறு
ஆயிரத்து அறுநூற்றைம்பதில் வந்து நின்றது.

கட்டைப்பையின் காது பஸ் ஸ்டாண்டு வரைதான் தாங்கியது.
அப்புறம் இடுப்பில்,
தூங்கிப்போன பிள்ளையைப் போல.
"உங்களுக்கு ஃப்ரீ, இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.
"என்னம்மா இது?"
எடைக்கல் என்றேன்.
பொய் இல்லை.

மறுநாள் கடை திறக்குமுன்
மின்தராசில் ஏற்றினேன், பழக்கதோஷம்.
11.640.
இறக்கி, துடைத்து, திரும்ப ஏற்றினேன்.
11.640.

மதியமே போனேன்.
கொளஞ்சியம்மாள் என்னைக் கேட்கும் அதே குரலில்,
கை அப்படியே இடுப்பில்,
"எங்கே போச்சு என் முன்னூற்று அறுபது கிராம்?"
அவரும் நான் சொல்லும் அதே பதிலைச் சொன்னார்.
"வர்றதே அப்படித்தான் வருது மேடம்."

ஒன்றும் தோன்றவில்லை.
அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

முதல் பத்து நாள் வீசவே இல்லை.
காலிச் சாக்கை நாலாக மடித்து விரித்து
(கீழ் வீட்டு ஹோமியோபதி டாக்டருக்காக)
பாதங்களுக்கு நடுவே வைத்து எடுத்தேன், வைத்தேன்.
ஐந்து. மூச்சு. ஐந்து.
கையில் பாத்திரம் இருக்கும்போது
ஃப்ரிட்ஜ் கதவைப் பின்புறத்தால் இடித்து மூடுவோமே,
அந்த மடிப்புதான்.
முழங்கால் கொஞ்சம், இடுப்பு நிறைய, முதுகு பலகை.
இத்தனை வருஷமும் கதவை ஒழுங்காக மூடியிருக்கிறேன்,
அரிசியைத்தான் தப்பாக அள்ளியிருக்கிறேன்.

நைட்டி ஆகாது.
மகனின் பழைய ட்ராக் பேண்ட், பாட்டம் இரண்டு மடிப்பு.

பதினோராம் நாள் வீசினேன்.
பின்னால் போய், நிமிர்ந்ததும்
மார்பு உயரத்துக்கு வந்து
ஒரு நொடி
எடையே இல்லாமல் நின்றது.
எந்தத் தராசும் அதைக் காட்டாது.
அப்புறம் முழு எடையோடு திரும்பியது.
நான் உட்கார்ந்துவிட்டேன்.
மொத்தம் ஏழு. டைரியில் ஏழு என்றுதான் எழுதியிருக்கிறேன்.

தேவனாம்பட்டினத்துக் காற்றுக்கு
ஜன்னல் கம்பியே உதிர்கிற ஊர்.
வெள்ளிக்கிழமை தலைக்கு வைத்த எண்ணெயில் மிச்சத்தை
அதன் பிடிக்கும் தடவுகிறேன்.
பதினாறு வாங்கப் போகும்போது
தராசையும் கொண்டுபோவேன்.

நேற்று கொளஞ்சியம்மாளுக்கு அள்ளினேன்.
"என்னா புதுசா குனியிற" என்றாள்,
கண் மட்டும் எண்களின் மேல்.
19.985.
20.010.
அது ஆடி அடங்கும் வரை
இரண்டு பேரும்
பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.